இரண்டு ஜோன்கள்: ஆங்கிலேய முன்னோரைத் தேடும்போது அடக்கப் பதிவு ஏன் முக்கியம்

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபர்ட் ஊர் ஹோலி டிரினிட்டி தேவாலயப் பதிவேட்டில், 1558 செப்டம்பர் 15 அன்று ஜான் ஷேக்ஸ்பியர் என்பவரின் மகள் ஜோனுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. 1569 ஏப்ரல் 15 அன்று ஜான் ஷேக்ஸ்பியரின் மகள் ஜோனுக்கு ஞானஸ்நானம் என்று மறுபடியும் ஒரு வரி. உயிரோடு இருக்கும் பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கும் வைப்பது அங்கே அரிது. இறந்துபோன பிள்ளையின் பெயரைத் திரும்ப வைப்பதோ சர்வசாதாரணம். அதனால் முதல் ஜோன் சிறுவயதிலேயே இறந்துவிட்டாள் என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டுகிறார்கள். அவளை அடக்கம் செய்ததைப் பற்றி அந்தப் பதிவேட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது.

இந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் பிறந்த பிள்ளைதான் நாடக ஆசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியர். உலகத்தில் அதிகம் துருவிப் பார்க்கப்பட்ட குடும்பம் அது. அந்தக் குடும்பத்திலேயே ஒரு பெண்ணின் இறப்பை நேரடியாகக் காட்ட முடியவில்லை, அடுத்த பெண்ணுக்கு வைத்த பெயரிலிருந்து ஊகிக்கத்தான் முடிகிறது என்றால், சாதாரணக் கூலிக்காரர், நெசவாளர் வீட்டுக் கதை எப்படி இருக்கும்?

ஆங்கிலேயக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஞானஸ்நானப் பதிவைத்தான் முதலில் தேடுகிறார்கள். பெயர் பொருந்தியது, ஊர் பொருந்தியது, ஆண்டும் ஏறக்குறைய பொருந்தியது என்றால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். குடும்ப மரங்களில் பாதிப் பிழைகள் இந்த இடத்தில்தான் நுழைகின்றன என்பது என் எண்ணம். ஞானஸ்நானப் பதிவு ஒரு சாத்தியத்தைத்தான் கையில் கொடுக்கிறது. அந்தச் சாத்தியம் நிற்குமா, விழுமா என்று சோதிக்க உதவுவது அடக்கப் பதிவு. அந்தக் குழந்தை மூன்றாம் மாதமே அதே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தால், அது யாருக்கும் முப்பாட்டனாக முடியாது. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமலே எத்தனையோ பேர் பத்துத் தலைமுறை பின்னால் போய்விடுகிறார்கள்.

பதிவேடுகளுக்குள் நுழையும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த ஆளிலிருந்து தெரியாத ஆளை நோக்கிப் பின்னால் நடக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கமே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1-ல். அதுவரை சான்றிதழ்களை வைத்தே போய்விடலாம். அரசின் திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும் என்பதால் ஒரே தாளில் இரண்டு குடும்பங்கள் கிடைக்கும். அதற்கு முந்திய காலத்துக்குப் பாலமாக இருப்பது 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒவ்வொருவரும் எந்தக் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது), எந்தப் பங்கில் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட வட்டாரம்) பிறந்தார் என்று அதில் கேட்டு எழுதினார்கள். 1841 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி இல்லை. இந்தக் கவுன்டியில் பிறந்தவரா, இல்லையா என்பதோடு விட்டுவிட்டார்கள். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் அதில் 35 ஆகிவிடுவார். ஆகவே 1851 வரை உயிரோடு இருந்த ஒரு முன்னோர் அகப்பட்டால் பெரிய அதிர்ஷ்டம். நாம் எந்தத் தேவாலயத்துப் பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்பதை அவரே சொல்லிவிடுகிறார்.

அந்தப் பதிவேடுகள் பிறந்த கதைக்கு வருவோம். மன்னர் எட்டாம் ஹென்றி ரோமத் திருச்சபையிலிருந்து பிரிந்துவந்த பிறகு, அவருடைய அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-ல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு பங்கிலும் ஒரு புத்தகம் வைத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், தேவாலய நிர்வாகியின் முன்னிலையில், அந்த வாரத்து நிகழ்ச்சிகளைப் பதிய வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். ஏதோ புது வரி வரப்போகிறது என்று மக்கள் பயந்தார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யாகவும் போகவில்லை, அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆரம்பத்தில் பலர் உதிரித் தாள்களில் எழுதினார்கள். தாள் நனைந்தது, கிழிந்தது, தொலைந்தது. எலிசபெத் ராணியின் காலத்தில், 1598-ல், பழையவற்றையெல்லாம் தோல்தாளில் நகலெடுக்க வேண்டும், குறிப்பாக ராணி பட்டத்துக்கு வந்த 1558 முதலாவது எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. "குறிப்பாக" என்று இருந்ததால் பலர் 1538 முதல் 1558 வரை இருந்த இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் ஏராளமான பதிவேடுகள் 1558-ல் தொடங்குவதற்கு இதுதான் காரணம். ஸ்ட்ராட்ஃபர்ட் பதிவேடும் அப்படித்தான். 1564 ஏப்ரல் 26-ல் வில்லியமுக்கு ஞானஸ்நானம் என்று உலகமே மேற்கோள் காட்டும் வரி, அன்றைக்கு எழுதியது இல்லை. 1600 வாக்கில் ஒரே கையெழுத்தில் எடுத்த நகல். நகலெடுத்தவர் ஒரு வரியைத் தவறவிட்டிருந்தால் அந்த ஆள் வரலாற்றிலேயே இல்லை. முதல் ஜோனின் அடக்க வரிக்கு அப்படித்தான் ஆனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதே 1598 உத்தரவில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்த ஆண்டின் பதிவுகளை நகலெடுத்து பிஷப்புக்கு அனுப்ப வேண்டும். மூலம் எரிந்து போன, கரையான் தின்ற ஊர்களில் இந்த பிஷப் நகல்கள்தான் மிச்சம். மூலம் இருக்கும் ஊரிலும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்றில் இல்லாத குறிப்பு இன்னொன்றில் இருக்கும்.

தேதி விஷயத்தில் எல்லோருமே ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய ஆண்டின் கணக்கில்தான் வரும். ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சுசன்னாவுக்கு 1583 மே 26-ல் ஞானஸ்நானம். இரட்டைக் குழந்தைகள் ஹாம்னெட், ஜூடித் இருவருக்கும் பதிவேட்டின்படி 1584 பிப்ரவரி 2. நம் கணக்கில் படித்தால் எட்டு மாதத்தில் அடுத்த பிரசவம்! உண்மையில் அது 1585 பிப்ரவரி. இதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் 1584/5 என்று இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். அப்புறம் 1752-ல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 என்று நாட்காட்டியையே மாற்றினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 7-ல் ஒருவரை அடக்கம் செய்ததாக எங்காவது படித்தால், படித்தவர் கண் பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருமணப் பதிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1754 மார்ச் 25-லிருந்து ஹார்டுவிக் பிரபுவின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தோ, லைசென்ஸ் வாங்கியோதான் கல்யாணம் முடிக்க முடியும். யூதர்களுக்கும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் மட்டும் விலக்கு. மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும், தெரியாதவர்கள் சிலுவைக் குறி இட வேண்டும். சாட்சிப் பெயர்களை அலட்சியமாகத் தாண்டிப் போகாதீர்கள். அண்ணனோ, சித்தப்பாவோ, பெண்ணின் அக்காள் கணவரோ அங்கே நின்றிருப்பார். அதற்கு முந்திய காலத்தில் திருமண வரியே கிடைக்காமல் போவது சகஜம். ஷேக்ஸ்பியரின் திருமணம் எந்தத் தேவாலயப் பதிவேட்டிலும் கிடைக்கவில்லை. 1582 நவம்பர் 28-ல் லைசென்ஸுக்காக வூஸ்டர் பிஷப் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த பிணைப் பத்திரம்தான் முக்கிய ஆதாரம். அதற்கு முந்தின நாள் அலுவலகப் புத்தகத்தில் மணப்பெண்ணின் பெயரை எழுத்தர் ஆன் வேட்லி என்று எழுதி வைத்திருக்கிறார். பத்திரத்தில் ஆன் ஹாத்வே. ஒரே நாள் இடைவெளியில் பெண்ணின் குடும்பப் பெயரே மாறிப்போனது. எழுத்தரின் பிழை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். வரிக்கு வரி நம்புகிறவர்களுக்கு இது நல்ல எச்சரிக்கை.

இனி அடக்கப் பதிவுகள். 1813-க்கு முன் இவை வறண்ட சங்கதி. பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். குழந்தையானால் இன்னாருடைய மகன், மனைவியானால் இன்னாருடைய மனைவி. ஒரு பெண் நாற்பது ஆண்டு அந்த ஊரில் வாழ்ந்து, எட்டுப் பிள்ளை பெற்று, கடைசியில் கணவன் பெயரோடு ஒட்டிய ஒரு சொல்லாகவே மறைந்துபோவாள். ஷேக்ஸ்பியரின் மனைவிக்கே 1623 ஆகஸ்ட் 8-ல் "மிஸஸ் ஷேக்ஸ்பியர்" என்பதோடு முடிந்தது. இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அது அடக்கத் தேதி, இறந்த தேதி இல்லை. சாதாரணமாக இரண்டு மூன்று நாள் வித்தியாசம் இருக்கும்.

வறண்டது என்றாலும், யாராவது வரி கேட்டாலோ சட்டம் போட்டாலோ அதில் சதை பிடிக்கும். மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்தில் கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற 1666-லும் 1678-லும் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. பிணத்தை ஆங்கிலக் கம்பளித் துணியில்தான் சுற்ற வேண்டும். அப்படித்தான் சுற்றினோம் என்று எட்டு நாளுக்குள் உறவினர் ஒருவர் பிரமாணம் செய்து தாள் கொண்டுவர வேண்டும். மீறினால் ஐந்து பவுண்டு அபராதம், அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு. வசதியானவர்கள் சிலர் அபராதத்தைக் கட்டிவிட்டு லினன் துணியிலேயே போனார்கள். இந்தச் சட்டத்தால் நமக்குக் கிடைத்தது என்ன? பிரமாணம் செய்தவரின் பெயரைச் சில பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். அது பல நேரம் மகளோ சகோதரியோ. வேறெங்கும் கிடைக்காத உறவு அங்கே கிடைக்கும். சில வரிகளின் பக்கத்தில் "நிர்வாணமாக" என்று இருக்கும். சுற்றுவதற்குத் துணி எதுவுமே இல்லாத ஏழை என்று அர்த்தம். முந்நூறு ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் அந்தச் சொல்லைச் சும்மா கடந்து போக முடியவில்லை.

குரோம்வெல் காலத்தில் மக்கள் பயந்த வரியும் வந்துசேர்ந்தது. 1695-லிருந்து சுமார் பத்தாண்டு ஒவ்வோர் அடக்கத்துக்கும் நான்கு ஷில்லிங் வாங்கினார்கள். பிறப்புக்கும் திருமணத்துக்கும் தனி வரி. பிரான்ஸோடு நடந்த போருக்குப் பணம் வேண்டியிருந்தது. மறுபடி 1783-லிருந்து 1794 வரை பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்கும் மூன்று பென்ஸ். பரம ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் இந்த ஆண்டுகளில் பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்ற குறி அடிக்கடி தென்படும். அந்தக் குறியை வைத்து மட்டும் ஒரு குடும்பம் பிச்சை எடுத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். வரியைத் தவிர்க்கப் பாதிரியார் இரக்கப்பட்டுப் போட்டதாகவும் இருக்கலாம்.

இதற்கு நேர் எதிராக, யாரும் கேட்காமலே அதிகம் எழுதிய ஒருவரும் இருந்தார். யார்க் நகரத்துப் பாதிரியார் வில்லியம் டேட். 1770-களில் அவர் வகுத்த முறையில் ஞானஸ்நானப் பதிவிலேயே இரு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயரும் தொழிலும் இருக்கும். அடக்கப் பதிவில் வயதும், எந்த நோயால் இறந்தார் என்பதும் இருக்கும். யார்க் ஆர்ச்பிஷப் 1777-ல் இந்த முறையை மற்றப் பங்குகளுக்கும் பரிந்துரைத்தார். எல்லாப் பாதிரிமாரும் இவ்வளவு எழுதத் தயாராக இல்லை, பலர் கைவிட்டார்கள். யார்க்ஷயரில் உங்கள் தேடல் 1812-க்கு முந்திய டேட் பதிவேடு ஒன்றில் போய் முட்டினால், ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கைக்கு வந்துவிடும்.

1813 ஜனவரி 1 முதல் ஜார்ஜ் ரோஸ் என்பவரின் சட்டப்படி நாடு முழுக்க அச்சடித்த படிவம் வந்தது. அடக்கத்துக்குப் பெயர், வசித்த இடம், தேதி, வயது, நடத்தியவர் கையெழுத்து என்று ஐந்து கட்டம். வயதும் இடமும் கிடைத்தது பெரிய மாற்றம். 1820-ல் 71 வயதில் அடக்கமானார் என்றால் 1749 சுற்றுவட்டத்தில் ஞானஸ்நானம் தேட வேண்டும். முன்னும் பின்னும் சில ஆண்டு விட்டுத் தேடுங்கள். முதியவரின் வயதை மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோதான் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பார். ஆனால் இறந்தவரின் தகப்பன் பெயரையோ, மனைவி பெயரையோ அந்தப் படிவம் கேட்கவே இல்லை. டேட் காட்டிய வழியைப் பார்த்த பிறகும் இப்படி ஒரு படிவம் போட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

தனி வரியாகப் பார்க்கும்போது ஒன்றும் சொல்லாத அடக்கப் பதிவுகள், பக்கம் பக்கமாகப் படிக்கும்போது பேச ஆரம்பிக்கும். ஸ்ட்ராட்ஃபர்டில் 1564 ஜூலை 11-ல் ஒரு நெசவாளரிடம் தொழில் பழகிய பையனை அடக்கம் செய்தார்கள். அந்த வரியின் பக்கத்தில் "இங்கே கொள்ளைநோய் தொடங்கியது" என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வில்லியம் அப்போது மூன்று மாதம்கூட நிறையாத குழந்தை. டார்பிஷயரின் ஈம் கிராமத்தில் 1665, 1666 ஆண்டுகளில் அதே நோய் வந்தபோது, பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டேன்லியும் ஊரை வெளியுலகத்திலிருந்து துண்டித்தார்கள். தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்வதை நிறுத்தி, அவரவர் நிலத்திலேயே புதைக்கச் சொன்னார்கள். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். அதே மாதம் பாதிரியாரின் மனைவி கேத்தரினும் இறந்தாள். ஒரு குடும்பப் பெயர் ஒரே கோடையில் பதிவேட்டிலிருந்து மறைந்தால் குடும்பம் ஊர் மாறிவிட்டது என்று முடிவுகட்டாமல், முதலில் அந்த ஆண்டின் அடக்க எண்ணிக்கையைப் பாருங்கள்.

இப்போது முதலில் சொன்ன சோதனைக்குத் திரும்புகிறேன். 1709-ல் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ, ஜான் ஷேக்ஸ்பியருக்குப் பத்துப் பிள்ளைகள் என்று எழுதினார். உண்மையில் எட்டு. ஊரில் ஜான் ஷேக்ஸ்பியர் என்ற பெயரில் செருப்புத் தைக்கும் இன்னொருவர் இருந்தார். 1580-களின் கடைசியிலும் 1590-களின் தொடக்கத்திலும் அவருடைய பிள்ளைகள் அதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு குடும்பமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள்தான் பிரித்தெடுத்தார்கள். ஊரே அறிந்த குடும்பத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், ஜான் ஸ்மித், மேரி டெய்லர் என்ற பெயர்களில் எத்தனை இருக்கும்!

பிரித்தெடுக்கும் வழி ஒன்றுதான். ஒரே பெயரில் இருக்கும் எல்லாரையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரையும் பிறப்பிலிருந்து அடக்கம் வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். உங்கள் ஆள் 1790-ல் கல்யாணம் செய்த தாமஸ் என்று வைப்போம். சுற்றுவட்டாரத்தில் பொருத்தமான வயதில் மூன்று தாமஸ்களுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஒருவன் இரண்டு வயதில் அடக்கம். இன்னொருவன் வேறு பெண்ணைக் கட்டி, அந்தப் பெண்ணோடே கடைசிவரை இருந்தான் என்று அவர்கள் அடக்கப் பதிவுகள் காட்டுகின்றன. மிச்சம் இருப்பவன்தான் உங்கள் ஆளாக இருக்க வாய்ப்பு. அதுவும் பக்கத்துப் பத்துப் பதினைந்து மைலுக்குள் உள்ள எல்லாப் பங்குகளையும் பார்த்த பிறகுதான். இந்த முறை மெதுவானது. ஆனால் இதற்குக் குறுக்குவழி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஷேக்ஸ்பியர் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கும் அடக்கப் பதிவேதான் பதில். மகன் ஹாம்னெட்டை 1596 ஆகஸ்ட் 11-ல் அடக்கம் செய்தார்கள், வயது பதினொன்று. ஜூடித்தின் மூன்று மகன்களில் ஒருவன் 1617-ல் கைக்குழந்தையாகவே போனான். மற்ற இருவரும் 1639-ன் தொடக்கத்தில் அடுத்தடுத்துப் போனார்கள். சுசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் இரண்டு முறை மணந்தும் பிள்ளையில்லாமல் 1670-ல் இறந்தாள். நேர் வாரிசு அத்தோடு முடிந்தது. இரண்டாவது ஜோனுடைய வம்சம்தான் இன்றுவரை தொடர்கிறது.

தம்பி எட்மண்டின் கதை வேறு ஒன்றைக் கற்றுத் தருகிறது. அவனும் நடிகனாகி லண்டன் போனான். 1607 ஆகஸ்டில் கிரிப்பிள்கேட் தேவாலயத்தில் "எட்வர்ட் ஷேக்ஸ்பியர் என்ற நடிகரின்" முறைதவறிப் பிறந்த மகன் அடக்கமானதாக ஒரு வரி. அந்த எட்வர்ட் உண்மையில் எட்மண்ட்தான் என்று கொள்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31-ல் எட்மண்டே சதர்க் தேவாலயத்துக்குள் அடக்கமானான். முற்பகலில் பெரிய மணி அடித்ததற்கும் சேர்த்து இருபது ஷில்லிங் கட்டணம் என்று கணக்குப் புத்தகம் சொல்கிறது. பதிவேடு தராத விவரத்தை இப்படிக் கட்டணக் கணக்கு தரும். குழி வெட்டியவரின் நோட்டு, மணிக் கட்டணம், தேவாலய நிர்வாகிகளின் வரவு செலவு எல்லாம் பல ஊர்களில் மிஞ்சியிருக்கின்றன.

எல்லாரும் தேவாலய அடக்கத்துக்குள் வந்துவிடவும் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவர்கள், சபைநீக்கம் செய்யப்பட்டவர்கள், தற்கொலை செய்தவர்கள் ஆகியோருக்கு அடக்க ஆராதனை கிடையாது என்று 1662 பொது ஜெபப் புத்தகமே சொன்னது. தற்கொலை செய்தவர்களை நாற்சந்தியில் புதைக்கும் கொடுமையை 1823-ல்தான் சட்டம் தடுத்தது. கடலில் மூழ்கிக் கரையொதுங்கிய உடல்களை அந்தந்தப் பங்கிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்தது 1808-ல். அதற்கு முந்தின ஆண்டு ஆன்சன் என்ற போர்க்கப்பல் கார்ன்வால் கரையில் உடைந்து, இறந்தவர்களைக் கடற்கரையோரமாகவே புதைத்த கோரம்தான் காரணம். 1642-ல் உள்நாட்டுப் போர் மூண்டதிலிருந்து 1660-ல் மன்னராட்சி திரும்பும் வரை பல ஊர்களில் பக்கங்களே வெறுமை. பாதிரிமார் துரத்தப்பட்டார்கள், 1653-க்குப் பின் பதிவுப் பொறுப்பு ஊரார் தேர்ந்தெடுத்த ஆளின் கைக்குப் போனது.

அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே இருந்த மாறுபட்ட சபைகளைச் சேர்ந்தவர்களைத் தேடுவது தனி வேலை. ஓவியரும் கவிஞருமான வில்லியம் பிளேக்குக்கு 1757-ல் ஞானஸ்நானம் நடந்தது லண்டன் பிக்கடிலியின் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில். 1827-ல் அடக்கமானது மாற்றுச் சபையினரின் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில், பலரோடு சேர்ந்த பொதுக்குழியில். காலப்போக்கில் அந்த இடமே தெரியாமல் போனது. அடக்கப் புத்தகத்தில் கிழக்கு மேற்காக, வடக்கு தெற்காக எழுதி வைத்திருந்த எண்களைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்து 2018-ல் புதுக் கல் வைத்தார்கள். ஒருவரின் ஞானஸ்நானத்தை வைத்து அவர் அடக்கமான இடத்தை ஊகிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இத்தகைய சபைகளின் பழைய பதிவேடுகளை 1837-க்குப் பின் அரசு சேகரித்து வாங்கியது. அவை இப்போது லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1850-களில் நகரத் தேவாலய வளாகங்கள் நிரம்பி வழிந்து சட்டப்படி மூடப்பட்டன. அதற்குப் பின் நகரத்தில் இறந்தவரைத் தேவாலயப் பதிவேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். கென்சல் கிரீன், ஹைகேட் போன்ற புதிய கல்லறைத் தோட்டங்களின் புத்தகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லறைக் கல் கிடைத்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆன் ஹாத்வே பிறந்த காலத்துப் பதிவேடு மிஞ்சவில்லை. அவருக்கு எத்தனை வயது என்பதை நாம் அறிவது கல்லறைக் கல்லில் பதித்த பித்தளைத் தகட்டில் "67 வயதில்" என்று வெட்டியிருப்பதால் மட்டுமே. அதே சமயம் கல் நட வசதி இருந்தது சிலருக்குத்தான். ஹாம்னெட் எந்த இடத்தில் கிடக்கிறான் என்று காட்ட ஒரு கல்லும் இல்லை. கல் இல்லாத ஏழைகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. 1662 சட்டப்படி ஓர் ஏழை எந்தப் பங்கின் பொறுப்பு என்று தீர்மானிக்க அவரை விசாரித்து எழுதிக்கொண்டார்கள். எங்கே பிறந்தார், யாரிடம் வேலை பார்த்தார், எப்போது கல்யாணம் என்றெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கும். பணக்காரருக்கு உயில், ஏழைக்கு இந்த விசாரணை. பல நேரம் விசாரணைத் தாளில்தான் மனிதர் தன் சொந்தக் குரலில் பேசுகிறார்.

1978-ல் வந்த திருச்சபைச் சட்டத்துக்குப் பின் நூறாண்டு தாண்டிய பதிவேடுகள் கவுன்டி ஆவணக் காப்பகங்களுக்கு வந்து சேர்ந்தன. இணையத்தில் ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் தளங்களில் இலவசமாகத் தேடலாம், ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் தளங்கள் சந்தா கேட்கும். இவற்றில் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கத்தைவிட அதிகம் ஏறியிருக்கின்றன. அதனால் தேடலில் அடக்கம் வரவில்லை என்றால் அடக்கமே நடக்கவில்லை என்று பொருளாகாது. அந்தப் பங்கின் எந்தெந்த ஆண்டுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். பெயர் கிடைத்தாலும் பட்டியலோடு நிற்காமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். ஓரக் குறிப்புகளும், முன்பின் வரிகளும் பட்டியலில் வருவதில்லை.

எவ்வளவு தேடியும் ஒருவரின் அடக்கம் இங்கிலாந்திலேயே கிடைக்காவிட்டால், அவர் கப்பல் ஏறியிருக்கலாம். இங்கே நம்ம ஊருக்கு நேரடித் தொடர்பு வருகிறது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டையானது. அடுத்த வாரமே, நவம்பர் 4-ல், அங்கே நடந்த முதல் திருமணம், பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேல் உடையது. 1753 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவ் மணந்ததும் அங்கேதான். கல்கத்தாவோடு பெயர் சேர்ந்துவிட்ட ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689-ல் ஞானஸ்நானம் நடந்தது இதே தேவாலயத்தில். எதிர்த்திசையிலும் ஒரு பதிவு உண்டு. வங்காள விரிகுடாப் பக்கத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அழைத்துப்போன ஓர் இளைஞனுக்கு 1616 டிசம்பர் 22-ல் லண்டன் செயின்ட் டயோனிஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்து பீட்டர் என்று பெயர் வைத்தார்கள்.

சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்குக் கப்பலில் போயின. 1698 முதலான அந்த நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன, ஃபைண்ட்மைபாஸ்ட்டிலும் படமாகக் கிடைக்கின்றன. கல்லறைக் கல் வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தொகுத்து 1905-ல் வெளியிட்டார். கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்தின் கற்கள் பிற்பாடு செயின்ட் மேரீஸைச் சுற்றித் தளமாகப் பதிக்கப்பட்டுவிட்டன. ஆகவே அந்தத் தளத்தில் ஒரு பெயரைப் படிக்கிறவர், அந்த மனிதர் அங்கேயே கிடக்கிறார் என்று எழுதிவிடக்கூடாது. எங்கே, என்றைக்கு என்பதை லண்டனில் உள்ள அடக்க நகலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குடும்ப மரத்தில் ஏற்ற வேண்டும்.